சிரிக்கிற கோடு

பண்ருட்டியில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. என்னைவிட இருபது வயது மூத்தவர். ஆகையால் நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவதும் அவர் என்னைத் தம்பி என்பதும் வழக்கமாகிவிட்டது. ஊருக்குள் சொந்தமாக டிங்கரிங் பட்டறை வைத்திருந்தார். பலாப்பழம் ஏற்றுகிற லாரி முதல் மாப்பிள்ளை அழைப்புக் கார் வரையில், நசுங்கிய தகடுகளை அடித்து நிமிர்த்துவதிலேயே முப்பத்தைந்து வருஷத்தைக் கழித்தவர். இப்பொழுது ஓய்வு. நான் எழுதுவதையெல்லாம் படித்துவிடுவார். “உங்க கதையில வர்ற ஆளுங்க ரொம்ப யோசிக்கிறாங்க தம்பி” என்பது அவருடைய நிரந்தர விமர்சனம். அதற்கு நான் இதுவரை பதில் சொன்னதில்லை.

நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்குப் போவதற்காக முதல் நாள் இரவு அவர் வீட்டில் தங்கினேன். காலையில் அவருடைய பையன் தன் காரிலேயே எங்களை அழைத்துப் போவதாகச் சொன்னான். கார் பழையது, மூன்று கை மாறி வந்தது. அதில் வைத்திருந்த ஸ்டீரியோ புத்தம் புதியது. இரண்டுக்கும் விலையில் அதிக வித்தியாசம் இல்லை என்று அவன் அம்மா என்னிடம் தனியாகச் சொன்னாள். டிக்கியைத் திறந்தால் பெட்டி வைக்க இடமில்லை. அங்கே ஒரு பெரிய கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருந்தது. ஸப்வூஃபர்.

ஊரை ஒட்டியிருக்கிற திருவதிகைக்கு முதலில் போய்விட்டுப் பிறகு நெய்வேலிக்குத் திரும்பலாம் என்பது அண்ணனுடைய திட்டம். தெருவைத் தாண்டுவதற்குள் பையன் பாட்டைப் போட்டான். எனக்குக் குழந்தைப் பருவத்திலிருந்து தெரிந்த பாட்டு, பி. சுசீலா பாடியது. ஆனால் இது இன்ன பாட்டு என்று கண்டுபிடிக்க எனக்குக் கால் நிமிஷம் பிடித்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ தலையணையால் மொத்துகிற மாதிரி ஒரு சத்தம். கண்ணாடிப் பக்கத்திலிருந்து ஊசி ஊசியாக இன்னொரு சத்தம். இரண்டுக்கும் நடுவில், எங்கோ பக்கத்து வீட்டுப் பின்கட்டிலிருந்து பாடுகிறவர்போல, சுசீலா.

“எப்படிச் சித்தப்பா இருக்கு? பஞ்ச் இருக்குல்ல?” என்றான் பையன்.

பஞ்ச் இருக்கத்தான் இருந்தது. பாட்டைக் காணோம்.

வண்டியின் நடுவிலுள்ள சின்னத் திரையை அவன் பெருமையாகத் தொட்டுக் காட்டினான். அதில் பத்துக் கோடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு குமிழ். இடது ஓரத்தில் 31 என்று போட்டிருந்தது. பிறகு 62, 125, 250 என்று இரட்டித்துக்கொண்டே போய் வலது ஓரத்தில் 16,000-த்தில் முடிந்தது. விநாடிக்கு இத்தனை அதிர்வு என்று கணக்கு. இடது பக்கத்துக் குமிழ்கள் மேலே ஏறியிருந்தன, வலது பக்கத்துக் குமிழ்களும் ஏறியிருந்தன. நடுவில் இருந்தவை எல்லாம் பள்ளத்தில் கிடந்தன. சேர்த்துப் பார்த்தால் ஒரு வாய் சிரிக்கிற மாதிரி இருக்கும். இந்த அமைப்புக்கு இங்கிலீஷில் ‘சிரிப்பு வளைவு’ என்றே பெயர் இருக்கிறது. கார்களிலும் வேன்களிலும் கைபேசிகளிலும் நான் பார்த்தவரையில் பத்தில் எட்டுப் பேர் தங்கள் ஈக்வலைசரை இப்படித்தான் சிரிக்க வைத்திருக்கிறார்கள். கடைக்காரரே வைத்துக் கொடுத்ததாகப் பையன் சொன்னான்.

எனக்கு அந்தக் கோட்டின் மேல் ஒரு பகை உண்டு. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு காலத்தில் டெலிபோன் கம்பி 300 முதல் 3,400 அதிர்வு வரையுள்ள ஒலிகளைத்தான் கொண்டுபோயிற்று. அதற்குக் கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை. அந்தக் குறுகிய சந்தின் வழியாகத்தான் நம் வீடுகளில் கல்யாணம் நிச்சயமாயிற்று, சாவுச் செய்தி வந்தது, வட்டிக்கு வாங்கின கடனுக்குத் தவணை கேட்கப்பட்டது. ஒருவர் பேசினது இன்னொருவருக்குப் புரியாமல் போகவில்லை. குரலைக் கொண்டே இன்னார் என்று அடையாளமும் தெரிந்தது. அதேபோல என் சின்ன வயதில் கோயில் திருவிழாவுக்கும் சடங்கு வீட்டுக்கும் பனைமரத்தில் கட்டுகிற கூம்புக் குழாய் இருந்ததே, அதற்கு அடித்தொனியும் கிடையாது, உச்சியிலிருக்கிற மினுமினுப்பும் கிடையாது. முழுக்க முழுக்க நடுப்பகுதிதான். டி.எம். சௌந்தரராஜனும் சுசீலாவும் பாடின அத்தனை பாட்டுக்களையும் ஒரு தலைமுறை வார்த்தை பிசகாமல் மனப்பாடம் செய்தது அந்தத் தகரக் குழாயிலிருந்துதான். சிரிக்கிற கோடு எந்த இடத்தைப் பள்ளமாக்குகிறதோ, டெலிபோனும் கூம்புக் குழாயும் அந்த இடத்தை மட்டும்தான் வைத்துக்கொண்டிருந்தன.

தமிழுக்கு இது கொஞ்சம் கூடுதலான நஷ்டம். எழுத்துக்களை உயிர் என்றும் மெய் என்றும் பிரித்தவர்கள் கையில் எந்தக் கருவியும் இல்லாமல் காதை வைத்துக்கொண்டுதான் பிரித்தார்கள். இன்றைக்குக் கருவியை வைத்துப் பார்த்தாலும் பிரிவு பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. குரலின் பலமெல்லாம் உயிரெழுத்தில். அது அநேகமாக 1,000-த்துக்குக் கீழே, கொஞ்சம் மேலே. வார்த்தையை வார்த்தையாக்குகிற மெய்யெழுத்துக்களின் அடையாளங்கள் பெரும்பாலும் அதற்கு மேலே, 1,500-லிருந்து 4,000 வரை. ஸகாரம் மாதிரியானவை இன்னும் உயரத்தில். நாக்கை மடித்து ழகரத்தைச் சொல்லும்போது அது லகரத்திலிருந்து வேறுபடுவது முக்கியமாக 1,500-க்கும் 3,000-த்துக்கும் நடுவில் நடக்கிற ஒரு சிறு இறக்கத்தினால். 2,000 என்று போட்ட குமிழைக் கீழே தள்ளிவிட்டு, “இப்ப வர்ற பாடகிகளுக்கு ழ வராது” என்று குறைப்படுகிறவர்களை நான் அறிவேன். அந்தக் குற்றச்சாட்டில் பாதியாவது குமிழின் பேரில் போகவேண்டியது.

நாகஸ்வரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதன் ஜீவன் முழுவதும் நடுவில்தான். சிரிப்பு வளைவில் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் பழைய இசைத்தட்டைப் போட்டுக் கேட்டால், தவில் வாசிப்பவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், நாகஸ்வரக்காரர் தெருமுனையில் நிற்கிறார் என்று தோன்றும்.

பின்னே ஏன் ஜனங்களுக்கு இது பிடிக்கிறது? ரசனை கெட்டுவிட்டது என்று சொல்லி முடித்துவிடலாம். எழுதுகிறவர்களுக்கு அது சௌகரியமான பதில். உண்மை அவ்வளவு சுலபமில்லை. 1933-ல் அமெரிக்காவில் பெல் டெலிபோன் ஆராய்ச்சிக்கூடத்தில் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் மனிதக் காதை அளந்து பார்த்தார்கள். சத்தம் குறைவாக இருக்கும்பொழுது நம் காதுக்கு அடித்தொனி மற்றவற்றைவிட அதிகமாகக் குறைந்து கேட்கிறது, உச்சத் தொனியும் ஓரளவு மங்குகிறது என்று கண்டார்கள். சத்தத்தைக் கூட்டக் கூட்ட இந்த வித்தியாசம் குறைகிறது. ஆகவே ராத்திரி வேளையில் குழந்தை தூங்குகிற வீட்டில் மெல்லிசாகப் பாட்டு வைத்துக் கேட்கிறவர் இரண்டு ஓரத்தையும் சற்றுத் தூக்கி வைத்தால் அதில் நியாயம் இருக்கிறது. பழைய ரேடியோக்களிலும் டேப் ரிக்கார்டர்களிலும் ‘லவுட்னஸ்’ என்று ஒரு பொத்தான் இருந்தது அதற்காகத்தான். தெரு முழுவதும் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு அந்த வளைவையும் போடுகிறவருக்கு அந்த நியாயம் கிடையாது.

இன்னொரு காரணம், கடையில் நாம் கேட்கிற நேரம். இரண்டு நிமிஷம். இரண்டு நிமிஷத்தில் கவனத்தை இழுப்பது எதுவோ அதுதான் ஜயிக்கும். இந்த விஷயத்தில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு, வேறு தொழிலில். கதை எழுத ஆரம்பித்த புதிதில், ஒரு பத்திரிகையில் என் கதையின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு நடுவில் பாதியை எடுத்துவிட்டார்கள். ஆரம்பம் அடியாக இருந்தது, முடிவு மின்னலாக இருந்தது, நடுவில் தேக்கமாக இருந்தது என்று காரணம் சொன்னார்கள். அந்தத் தேக்கத்தில்தான் அந்தப் பெண் இரண்டு வருஷம் குடித்தனம் நடத்தினாள். கதை அச்சில் வந்தபோது அவள் கல்யாணமானதும் கிணற்றில் விழுந்த மாதிரி இருந்தது. ரொம்பப் பேர் நன்றாக இருப்பதாகக் கடிதம் போட்டார்கள். போகட்டும்.

திருவதிகைக்கு வந்துவிட்டோம். வீரட்டானேசுவரர் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தியதும் சத்தம் அடங்கி, காதுக்குள் ஒரு வெறுமை விழுந்தது. தருமசேனராக இருந்தவர் சூலை நோயோடு தமக்கையார் திலகவதியாரிடம் திரும்பி வந்து, இந்தச் சந்நிதியில் நின்று முதற் பதிகத்தைப் பாடி நோய் தீர்ந்தார் என்பது பெரிய புராணம் சொல்லும் வரலாறு. அந்தப் பதிகம் கொல்லிப் பண்; இன்றைய ஓதுவார்கள் நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். பக்கத்து ஊருக்கே ‘பண் உருட்டி’ என்றுதான் பெயர், அதுதான் பண்ருட்டி ஆயிற்று என்று இங்கே சொல்வார்கள். பெயர் ஆராய்ச்சியில் நான் இறங்கவில்லை. வயிற்றுவலிக்காரர் ஒருவர் தம் வலியை வார்த்தை வார்த்தையாகச் சொல்லிப் பாடின இடம் இது. அந்த வார்த்தைகளில் ஒன்று கேட்காமல் போனாலும் பண் மட்டும் எதற்கு என்று மண்டபத்தில் நின்றபோது நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்து காரில் ஏறியதும் அண்ணன், “அந்தத் தருமபுரம் சாமிநாதன் தேவாரம் போடுப்பா” என்றார். பையன் போட்டான். தருமபுரம் ப. சுவாமிநாதனுடைய குரல், மலையடிவாரத்தில் நின்று பேசுகிற மாதிரி கனமும் தெளிவும் உள்ள குரல், டிக்கியிலிருந்து குமுறிக்கொண்டு வந்தது. மெய்யெழுத்தெல்லாம் கரைந்து போய் வெறும் ஓங்காரமாக இருந்தது. அண்ணன் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டு வந்தார். முகத்தில் திருப்தி இல்லை.

காடாம்புலியூர் தாண்டுகிறவரைக்கும் பொறுத்தேன். இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு, எதிரே லாரிகள். பிறகு பையனிடம் என் பகையைச் சொல்லிவிட்டேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் நல்ல கேள்வியாக ஒன்று கேட்டான்: “எல்லாத்தையும் ஜீரோவுல வெச்சா அதுதான் நிஜமான சத்தமா சித்தப்பா?”

பட்டணத்தில் எனக்குத் தெரிந்த சில ஸங்கீதப் பிரியர்கள் அப்படித்தான் நம்புகிறார்கள். குமிழைத் தொடுவதே பாவம் என்பார்கள். அவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. இசைத்தட்டுக் காலத்திலேயே தொடாத சத்தம் என்று ஒன்று இருந்ததில்லை. தட்டில் பள்ளம் வெட்டும்போது அடித்தொனியைக் குறைத்து, உச்சத்தைக் கூட்டி வெட்டுவார்கள். அப்படி வெட்டாவிட்டால் பள்ளம் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும், ஊசியின் கரகரப்பும் மேலே வந்துவிடும். கேட்கிற பெட்டிக்குள் அதைத் தலைகீழாக்கித் திருப்பித் தருகிற ஒரு சுற்று இருக்கும். 1954 முதல் இதற்கு அமெரிக்காவில் ஒரு பொது அளவே ஏற்பட்டுவிட்டது. ஈக்வலைசர் என்ற சொல்லும் டெலிபோனிலிருந்து வந்ததுதான். நீளமான கம்பியில் ஒலி போகப் போக உச்சத் தொனிகள் தேய்ந்து போகும். தேய்ந்ததை மறு முனையில் ஈடு செய்து, புறப்பட்டதும் வந்து சேர்ந்ததும் சமமாக இருக்கும்படி செய்கிற கருவி. வழியில் எது கெட்டதோ அதைச் சரி செய்வது அதன் வேலை. அலங்காரம் பண்ணுவது பிற்காலத்தில் வந்த உபயோகம்.

நம் வித்வான்களுக்கு இது புதிதல்ல. கச்சேரிக்கு முன்னால் மிருதங்கக்காரர் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து இடந்தலையில் அப்புகிறார் அல்லவா? அது அடித்தொனிக் குமிழ். கொஞ்சம் அதிகமாகப் போனால் சுரண்டி எடுத்துவிடுவார். தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு துண்டு நூலைச் செருகி இழுத்து இழுத்துப் பார்க்கிறார்களே, நூல் ஒரு மயிரிழை நகர்ந்தால் ஒலி மந்தமாகிறது அல்லது தேனீக் கூட்டமாகிறது. அது மேல்தொனிக் குமிழ். இரண்டிலும் கவனிக்கவேண்டிய விஷயம், அவர்கள் ஒரு முறை வைத்துவிட்டு அப்படியே விடுவதில்லை. அன்றைய கச்சேரி, அன்றைய சுருதி, அன்றைய ஈரம் எல்லாவற்றையும் பார்த்து வைக்கிறார்கள். போன வாரம் இன்னொரு ஊரில் அப்பின ரவையோடு எந்த மிருதங்கக்காரரும் மேடை ஏறினதில்லை.

கார் என்பது கூடமும் அல்ல, மண்டபமும் அல்ல. ஒலியை வைத்துப் பார்த்தால் அது ஒரு தகர டப்பா, மெத்தை போட்டது. விநாடிக்கு 60 அதிர்வு கொண்ட ஓர் ஒலியின் அலைநீளம் ஐந்தரை மீட்டருக்கும் மேல். காரின் உள்ளே அதில் பாதி நீளம் இருந்தால் அதிகம். அலை ஓடுவதற்கு இடமில்லாமல் உள்ளேயே அழுத்தமாகச் சேர்ந்துகொள்கிறது. அதனால் எந்தக் காரிலும் கீழ்த்தொனி தானாகவே ஊதிப்போகிறது. அதற்கு மேல் நாமும் தூக்கி வைக்கிறோம். உச்சத் தொனியோ கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும், ஸீட் மெத்தையில் மடிந்துபோகும். கதவின் கீழே வைத்த ஸ்பீக்கர் நம் முழங்காலுக்குப் பாடுகிறது. நம் ஊரில் ஓட்டுகிறவர் வலது பக்கம் உட்காருகிறார். வலது கதவுக்கும் இடது கதவுக்கும் அவர் காதிலிருந்து அரை மீட்டராவது வித்தியாசம் உண்டு. ஒரு மீட்டரைக் கடக்க ஒலிக்கு விநாடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு நேரம் வேண்டும். இந்தச் சிறு தாமதமே போதும், பாடகர் நடுவில் நிற்காமல் வலது கதவில் சாய்ந்துகொண்டு பாடுவதற்கு.

பையன் பக்கத்திலும் ஒரு நியாயத்தை ஒப்புக்கொண்டேன். வண்டி ஓடும்போது டயரும் தாரும் சேர்ந்து உண்டாக்குகிற இரைச்சல் பெரும்பாலும் கீழ்த்தொனிதான். அது பாட்டின் கீழ்த்தொனியை மூடிவிடுகிறது. ஆகவே ஓடுகிற வண்டியில் அடியைக் கொஞ்சம் கூட்டி வைப்பது தவறில்லை. அதற்காகத் தலையணை அடி வேண்டியதில்லை. 1992-ல் ‘ரோஜா’ வந்தபோது, பாட்டுக்குக் கீழே இப்படி ஒரு தரை இருக்கிறதா என்று நாம் எல்லாரும் ஆச்சரியப்பட்டோம். ஏ.ஆர். ரஹ்மான் செய்ததை ரஹ்மானே அளவோடு செய்திருந்தார். அவரோடு பல வருஷம் வேலை செய்த ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதர், 2008-ல் காலமானவர், எந்த வாத்தியத்துக்கு எங்கே இடம் என்று காது வைத்துத் தீர்மானித்தவர். அவர்கள் இடம் பிரித்து வைத்ததைக் கடைக்காரர் இரண்டு விரலால் கலைத்துவிடுகிறார்.

நெய்வேலி ஆர்ச் கேட்டுக்குள் நுழைந்ததும் நகரியத்தின் அகலமான சாலை, இரு மருங்கும் மரம். ஒரு வட்டத்தின் ஓரமாக நிழலில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். கண்காட்சி திறக்க நேரம் இருந்தது. எஞ்ஜின் மட்டும் ஓடட்டும் என்றேன்.

முதலில் ஸப்வூஃபரை அணைத்தோம். பத்துக் குமிழ்களையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தோம். பையன் முகம் விழுந்துவிட்டது. எல்லாம் செத்துப்போன மாதிரி இருக்கிறது என்றான். காரமே தின்று பழகினவனுக்கு முதல் நாள் பத்தியச் சாப்பாடு அப்படித்தான் இருக்கும், பத்து நிமிஷம் பொறு என்றேன். பிறகு இடது வலது பங்கைச் சரிசெய்து, தாமதத்துக்கென்று திரையில் தனியாக இருந்த எண்ணையும் வலது பக்கத்துக்குக் கொஞ்சம் ஏற்றியதும் சுவாமிநாதன் வலது கதவை விட்டு எழுந்து கண்ணாடிக்கு நேரே வந்து நின்றார். பையன் முதன்முதலாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

குமிழ்களைத் தேடுகிற முறை எனக்கு ஒரு ஒலிப்பதிவாளர் சொல்லித் தந்தது. ஒவ்வொரு குமிழாக, ஒன்றை மட்டும், நன்றாக மேலே தூக்க வேண்டும். எந்த இடத்தில் காதுக்கு மிகவும் அசிங்கமாக ஆகிறதோ அந்த இடத்தில்தான் அந்த வண்டியின் கோளாறு இருக்கிறது. கண்டுபிடித்தபின் அதே குமிழைக் கீழே இறக்க வேண்டும். இறக்குவதுதான் வழி, ஏற்றுவது கடைசி உபாயம். ஏனென்றால் 3 டெசிபல் ஏற்றினால் அந்தத் தொனிக்கு இரண்டு மடங்கு மின்சக்தி வேண்டும், 10 டெசிபல் ஏற்றினால் பத்து மடங்கு. பெட்டியின் மேல் 50 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், டாஷ்போர்டில் பதிக்கிற இந்த மாதிரிப் பெட்டிகள் ஒரு ஸ்பீக்கருக்கு இடைவிடாமல் தரக்கூடியது சுமார் 20 வாட்தான். அதற்கு மேல் கேட்டால் அலையின் தலை மழுங்கிப் போய்க் கரகரக்கும். சிறிய ஸ்பீக்கர் புகைந்தாலும் புகையும். 

எங்கள் வண்டியில் 125-ஐத் தூக்கினவுடன் கதவுத் தகடு கிடுகிடுவென்று நடுங்கிற்று. “அது தகடு லூசு. உள்பக்கம் ஷீட் ஒட்டணும்” என்றார் அண்ணன். தகட்டு விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். குமிழால் தீராத வியாதிகளும் உண்டு. 125-ஐ 4 டெசிபல் இறக்கினோம், 250-ஐ 3. குரலைப் போர்த்தியிருந்த ஜமக்காளத்தை யாரோ உருவின மாதிரி இருந்தது. 4,000-த்தைச் சிறிது இறக்கியதும் கண்ணாடியிலிருந்து வந்த ஊசிகள் அடங்கின. ஸப்வூஃபரைத் திரும்பப் போட்டு, அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாத அளவுக்குத் தாழ்த்தினோம். ஒன்றையும் கூட்டவில்லை. வால்யூமை மட்டும் ஒரு பங்கு ஏற்றிக்கொண்டோம்.

சுசீலாவைத் திரும்பப் போட்டான். பல்லவி முடிகிறவரைக்கும் யாரும் பேசவில்லை. மூச்சு எடுக்கிற இடம் கேட்டது. ஒரு சொல்லில் இரண்டு ழகரம், இரண்டும் கேட்டன.

“நல்லாத்தான் இருக்கு” என்றான் பையன், கொஞ்சம் தோற்றவன்போல.

நான் ஜயித்துவிட்ட களிப்பில் அண்ணன் பக்கம் திரும்பினேன். அவர் இன்னும் தலையைச் சாய்த்தபடியே இருந்தார்.

“எனக்கு முன்னைக்கும் இப்பைக்கும் பெருசா வித்தியாசம் தெரியல தம்பி. பாட்டு வருது. பேச்சு வரல. அந்தக் கடைசிப் பக்கத்துக் குமிழை மேலே தள்ளிப் பாருங்களேன்.”

“அண்ணே, அதைத்தானே இவ்வளவு நேரம் இறக்கினோம்? அது காதைக் குத்தும்” என்றேன். ஒரு மாதிரி ஆசிரியர் தொனியில் சொல்லியிருக்கிறேன் என்று பிறகுதான் உறைத்தது.

“எனக்குக் குத்தலையே” என்றார் அவர்.

முப்பத்தைந்து வருஷம் தகட்டின் மேல் சுத்தியல். ஓயாத சத்தத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குக் காது முதலில் பழுதாவது 4,000 அதிர்வை ஒட்டின இடத்தில் என்பது வைத்தியர்களுக்கு வெகு காலமாகத் தெரிந்த விஷயம். கொதிகலன் செய்கிறவர்களுக்கு வருகிற செவிடு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். முழுச் செவிடு ஆவதில்லை. உயிரெழுத்து கேட்கும், மெய்யெழுத்து தேயும். ஆள் பேசுவது கேட்கும். என்ன பேசினார் என்று கேட்காது. வீட்டில் அவர் எதையும் இரண்டு தடவை சொல்லச் சொல்கிறார் என்று அவர் சம்சாரம் அலுத்துக்கொள்வதும், கூட்டத்தில் அவர் பேசாமல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதும் எனக்கு அப்பொழுது ஞாபகம் வந்தன. இத்தனை வருஷப் பழக்கத்தில் நான் அதை அவருடைய சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

கம்பியில் தேய்ந்ததை மறு முனையில் ஈடு செய்வது என்று அரை மணி நேரத்துக்கு முன்னால் பெரிதாகப் பேசினவன் நான். கம்பி அவர் காதுவரைக்கும் போகிறது என்பதை மறந்துவிட்டேன்.

பையன் ஒன்றும் சொல்லாமல் 2,000-த்தை ஒரு படி ஏற்றினான். “இன்னும்?” என்றான். பிறகு 4,000. “இன்னும் கொஞ்சம்.” எனக்குப் பல் கூசிற்று, ஜன்னல் கண்ணாடியை இறக்கிக்கொண்டேன். 8 டெசிபல் ஏறினபோது அண்ணன் கையைத் தூக்கி, “போதும்” என்றார். சுவாமிநாதன் பாடிக்கொண்டிருந்தார். சாய்ந்திருந்த தலை மெதுவாக நிமிர்ந்தது.

“காது டாக்டர் ஒருத்தரைப் பார்த்துடணும் அண்ணே. இதெல்லாம் குமிழால முழுக்கத் தீராது. அதுக்குன்னு மெஷின் இருக்கு” என்றேன்.

“பார்க்கலாம், பார்க்கலாம். கொஞ்சம் பேசாம இருங்க, ‘ச’ வருது.”

திரையின் கீழே ‘ராக்’, ‘பாப்’, ‘ஜாஸ்’, ‘கிளாஸிகல்’ என்று யாரோ எங்கோ உட்கார்ந்து வைத்த பெயர்கள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு அப்பால் நாமே நிரப்பிக்கொள்ளும்படி இரண்டு இடங்கள் காலியாக இருந்தன. முதல் இடத்தில் நாங்கள் முன்பு வைத்ததைப் பதிந்தான் பையன். இரண்டாவதில் இதைப் பதிந்துவிட்டு, பெயர் கேட்ட பெட்டியில் ஒரு நிமிஷம் யோசித்து ‘அப்பா’ என்று எழுதினான்.

கண்காட்சி வாசலில் என்னை இறக்கிவிட்டார்கள். மாலை ஐந்து மணிக்கு வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. வண்டி திரும்பிப் போகும்போது ஜன்னல் வழியாகச் சத்தம் வந்தது; இரண்டாவது இடத்தில்தான் இருந்தது, கொஞ்சம் கூர்மையாக, கீச்சென்று. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.